முள் ஏறாத ஜீப்

மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்பதையே மறந்துபோன ஒரு சீமையில், ஒரு அண்ணனும் ஒரு தம்பியும், அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வேனும் இருந்ததாம், சிஸ்டர்.

சிரிக்காதீங்க. எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் பல்வலியைச் சொல்ல வந்தவன்கூட இப்படித்தான் ஆரம்பிப்பான். ஜீப் என்னாச்சு என்று கேட்டால் இவன் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டானே என்று நினைக்காதீங்க. ஜீப்புக்குத்தான் வர்றேன். முதலில் அந்த ஸ்டூலில் இந்தப் பேப்பரைப் போட்டு உட்காருங்க. கிரீஸ் இருக்கும், வெள்ளைச் சேலை வீணாகிவிடும். டீ சொல்லியிருக்கேன், வந்துவிடும்.

நீங்கள் சொன்னதெல்லாம் புரிந்தது. நாளைக்குக் காலையில் கோயம்புத்தூர் போகணும். தவமணியையும் அவள் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வரணும். குறைமாசத்துப் பிள்ளை, குளிர் பட்டால் தாங்காது, வெதுவெதுப்பாகக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கார். மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏற ஏற பனி. ஜீப்பில் ஹீட்டரைத் திருப்பினால் ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி காற்று வருது. நாளைக்குள் ஹீட்டர் சுடணும். அவ்வளவுதானே? தவமணி எனக்கும் அந்நியம் இல்லை, சிஸ்டர். என் சம்சாரத்துக்குத் தங்கச்சி முறை. இதற்கு முன்னால் அவளுக்குத் தங்காமல் போனதெல்லாம் உங்கள் கையில்தானே போனது. எனக்குத் தெரியாதா?

அதனால்தான் சொல்றேன், அவசரப்படக் கூடாது. எஞ்சின் சூடாகிறதைக் கண்டுபிடிக்கிறது பெரிய வித்தை இல்லை. சூடான வண்டி சத்தம் போடும், ஆவி விடும், நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கும். குளிர்ந்து கிடக்கிற வண்டி அப்படி இல்லை. அது பாட்டுக்கு ஓடும். ஒரு குறையும் சொல்லாது. டீசலைக் கொஞ்சம் கூடக் குடிக்கும். பின்னால் கொஞ்சம் புகை விடும். சூட்டு மீட்டரில் முள் மட்டும் கீழே படுத்துக் கிடக்கும், எழுந்திருக்க மனசில்லாத ஆள் மாதிரி. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுச் சொல்லிவிடலாம். சில்லென்று இருக்கிற உடம்பை என்னவென்று சொல்வீங்க? உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் நர்ஸ். எனக்கு இந்த வருஷம் முழுக்கப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு.

டீ வந்துவிட்டது, குடிங்க. ஆறிவிடும். இந்த மலையில் எதுதான் ஆறாமல் இருக்கு.

ஒரு காலத்தில் நீங்கள் பார்த்திருப்பீங்க, இங்கே வண்டி நிறுத்த இடம் இருக்காது. நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து ஷெட் போட்டபோது, சமவெளியிலிருந்து வந்தவன், சூட்டு நோய்க்குக் கைராசிக்காரன் என்று பேர். மலை ஏறும்போது கொதிக்கிற வண்டியெல்லாம் என்னிடம்தான் வரும். இந்தக் கூரியிடம் ஒரு தரம் காட்டிவிட்டால் அப்புறம் எந்தக் கொண்டையூசி வளைவிலும் கொதிக்காது என்பார்கள். கொதிக்கவும் கொதிக்காது. இன்றைக்கு வரைக்கும் நான் கை வைத்த வண்டி ஒன்று கொதித்தது என்று எவனாவது சொல்லட்டும், இந்த ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போறேன்.

பூட்டத்தான் போறேன் போலிருக்கு, அது வேறு விஷயம். இடத்துக்காரர் கேரட் கழுவுகிற மெஷின் போடணும் என்று வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அளந்துகூடப் பார்த்துவிட்டார். மரியாதைக்காரர், வாய்விட்டுச் சொல்லலை. உங்கள் ஜீப் ஒன்று இன்னும் இங்கே வந்து நிற்கிறதால் பொறுத்துக்கொண்டு இருக்கிறார். கன்னியர் மடத்து வண்டி வருகிற ஷெட்டை மூடச் சொல்ல அவருக்கு வாய் வரலை.

மற்ற வண்டியெல்லாம் எங்கே என்கிறீங்களா? கோத்தகிரியில் மெக்கானிக் ஜோகியிடம் நிற்கிறது. எல்லாம் ஒரே வியாதியோடு போனது. முள் ஏறலை, ஹீட்டர் சுடலை, டீசல் பிடிக்குது, புகையுது. நானும் என்னவெல்லாம் பார்த்தேன். இந்த வருஷக் குளிர் அப்படி. அப்புறம் இந்த டிரைவர்கள், இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு சும்மா உருட்டிக்கொண்டு வருகிறார்கள், எஞ்சின் எப்படிச் சூடாகும்? டீசலிலும் ஏதோ கலக்கிறார்கள். சொன்னால் கேட்க மாட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நம் மேல் கோபம் இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகணும், இல்லையா? ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக, சொல்லாமலே வராமல் போனார்கள்.

உங்கள் ஜீப்பில் நான் ஒன்றும் பாக்கி வைக்கலை, சிஸ்டர். கேளுங்க. முதலில் முள்ளின் மேலேயே சந்தேகப்பட்டேன். மீட்டருக்குப் போகிற வயரைக் கழட்டி பாடியில் தொட்டுக் காட்டினேன், முள் துள்ளி மேலே போய்விட்டது. அப்போ மீட்டர் நல்லா இருக்கு, பொய் சொல்லலை. சூட்டைப் பார்த்துச் சொல்கிற சென்சாரை மாற்றினேன். அதுவும் பழையது சொன்னதையேதான் சொன்னது. ஃபேன் ரொம்பக் காற்றடிக்குதோ என்று இறக்கையைக் கழட்டி வைத்துவிட்டு நம் கட்டபெட்டிலிருந்து மேலே டீ ஃபேக்டரி வரைக்கும் ஓட்டினேன். வேறு வண்டியாக இருந்தால் பாதி வழியில் கொதித்துச் செத்திருக்கும். உங்கள் ஜீப் குளுகுளு என்று போய்விட்டு வந்தது. ஹீட்டருக்குப் போகிற பைப்பில் காற்று அடைத்திருக்கா என்று அவிழ்த்து விட்டுப் பார்த்தேன். தண்ணி நல்லாத்தான் ஓடுது. தண்ணியே சுடலை, அப்புறம் ஹீட்டர் எங்கே சுடும்?

கடைசியில் ஒரு வேலை செய்தேன். உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றை மடித்து ரேடியேட்டருக்கு முன்னால் கட்டினேன். பழைய லாரிக்காரர்கள் செய்கிற வேலைதான். முள் மெதுவாக எழுந்து பாதி வரைக்கும் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாக்கை எடுத்தேன், இறக்கத்தில் விட்டேன், திரும்பவும் படுத்துக்கொண்டது. அப்போ தெரிந்துபோச்சு. வெளியே இருந்து வருகிற குளிரை மறைத்தால் சூடாகுது, மறைக்காவிட்டால் இல்லை. அப்படியென்றால் குற்றம் யார் மேல்? குளிர் மேல்தான். வண்டியில் ஒன்றும் இல்லை.

ஜோகி வேறு மாதிரி சொன்னான் என்கிறீங்க. தெரியும். அதை ஏற்கெனவே பெள்ளன் வந்து சொல்லிவிட்டான். கேரட் லோடு அடிக்கிறானே, அந்தப் பெள்ளன்தான். அவன் லாரியில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. எஞ்சினுக்குள் தண்ணி இறங்கிவிட்டது, ஹெட்டைப் பிரிக்கணும் என்று நான் சொன்னேன். அவன் பயந்துபோய் ஜோகியிடம் கொண்டு போனான். ஜோகி எதையும் பிரிக்கலையாம். காலையில் ஆறிக் கிடந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றானாம். கொஞ்ச நேரத்தில், "வால்வு எங்கே?" என்று கேட்டானாம்.

வால்வு என்றால் உங்களுக்குச் சொல்லணுமே. தெர்மோஸ்டாட் என்று பேர். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்னக் கதவு. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அது மூடியிருக்கும், தண்ணி உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சீக்கிரம் சூடாகும். நல்லாச் சூடானதும் கதவு தானாகத் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு அனுப்பும். கதவு இருந்தால் அந்த மேல் ஹோஸ் முதலில் சில்லென்று இருக்கும், அப்புறம் திடீரென்று சுடும். பெள்ளன் லாரியில் எஞ்சின் ஓட ஆரம்பித்த நேரத்திலிருந்தே ஹோஸ் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்ததாம். கதவே இல்லாத வீடு என்று ஜோகி கண்டுபிடித்துவிட்டான். எஞ்சின் சரியாகச் சூடாகாததால் ஈரம் வெளியே போகாமல் ஆயிலில் படிந்து மோரானது, வேறொன்றும் இல்லை என்றானாம். ஒன்றை வாங்கி மாட்டினான். முள் நடுவில் வந்து நின்றுகொண்டது.

அதைச் சொல்ல பெள்ளன் வேலை மெனக்கெட்டு இங்கே வந்தான். வந்து, இதோ இந்த வாசலில் நின்றுகொண்டு, "என்ன கூரி, எங்க வண்டிக்கெல்லாம் மொட்டை போட்டு அனுப்பியிருக்க. இது கட்டபெட்டா, பழனியா?" என்றான். பக்கத்து டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

ஆமாம், கழட்டினேன். மறைக்க என்ன இருக்கு? என்னிடம் வண்டி எதற்கு வந்தாலும் சரி, பிரேக் பார்க்க வந்தாலும் சரி, போகும்போது அந்த வால்வு உள்ளே இருக்காது. கேட்டுக்கொண்டு இருக்க மாட்டேன். தாய் பிள்ளைக்கு நகம் வெட்டும்போது கேட்டா வெட்டுகிறாள்? எங்கள் பக்கத்தில் எந்த மெக்கானிக்கும் அப்படித்தான். புது வண்டி வாங்கியதும் எலுமிச்சம்பழம் நசுக்குவோம், அடுத்த வாரம் வால்வைக் கழட்டுவோம். பனி கொட்டுகிற ஊர்க்காரன் தனக்காகச் செய்து வைத்தது அது. நமக்கு எதற்கு?

நீங்கள் சால்வையை இழுத்துப் போர்த்துகிறதைப் பார்த்தேன். சரி, இங்கே பனி இருக்குதான். காலையில் கேரட் தோட்டமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி கிடக்குதுதான். இல்லை என்று சொல்லலை. ஆனால் அது சில மாசம்தானே.

உங்கள் ஜீப்பிலும் போன ஆவணியில்தான் கழட்டினேன். கிளட்ச்சுக்காக முதல் தடவையாக ஷெட்டில் விட்டிருந்தீங்களே, அப்போ. அதற்கு முந்தின மார்கழியில் ஹீட்டர் நல்லாச் சுட்டது என்கிறீங்க. அந்த மார்கழியில் இவ்வளவு குளிர் இல்லை, சிஸ்டர்.

இது என்ன? பையிலிருந்து என்ன எடுக்கிறீங்க?

ஓ.

புதுசு. கோயம்புத்தூரிலேயே வாங்கிவிட்டீங்களா. ஜோகி பார்ட் நம்பர் எழுதிக் கொடுத்தானாக்கும். கேஸ்கெட்டும் சேர்த்து வாங்கியிருக்கீங்க. நல்ல சாமான்தான். பாருங்க, ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தமாக இருக்கு. நடுவில் இந்த மெழுகுக் குப்பிதான் எல்லா வேலையும் செய்கிறது. சூடு பட்டால் மெழுகு உருகி உப்பும், கதவைத் தள்ளும். இவ்வளவு சின்னச் சாமான்.

ஒன்று கேட்கலாமா? இவ்வளவு தெரிந்த பிறகு ஜோகியிடமே மாட்டியிருக்கலாமே. அவன் டீ குடித்து முடிக்கிற நேரத்து வேலை. இதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் எதற்கு வந்தீங்க?

...

"கழட்டின கைதான் மாட்டணும்" என்கிறீங்க.

இந்தாங்க, இதை இந்தப் பெஞ்சு மேலேயே வைத்துவிடறேன், சிஸ்டர்.

நான் மாட்ட மாட்டேன். மரியாதைக் குறைவாக நினைக்காதீங்க. உங்கள் ஜீப்புக்கு நான் எது வேண்டுமானாலும் செய்வேன். நடு வழியில் நின்றது என்று மழையில் ஓடி வந்திருக்கேன். நாளைக்கு நானே கூட வர்றேன். வெந்நீர்ப் பை நாலைந்து கொண்டு வர்றேன், எங்கள் வீட்டுக் கம்பளியெல்லாம் கொண்டு வர்றேன், மறுபடியும் சாக்கைக் கட்டிவிடறேன். பிள்ளையை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரச் சொன்னாலும் வர்றேன். இதை மட்டும் என் கையால் உள்ளே வைக்கச் சொல்லாதீங்க. மலை ஏறும்போது இந்தக் கதவு திறக்காமல் இறுகிக்கொண்டது என்று வைத்துக்கங்க. பிள்ளையை வைத்துக்கொண்டு நடு வளைவில் என்ன செய்வீங்க?

எப்போதோ ஒன்று அப்படி ஆகும் என்கிறீங்க. அந்த ஒன்று எங்களுக்கு ஆச்சு.

அதைத்தான் ஆரம்பித்தேன், நீங்கள்தான் சிரித்தீங்க. அண்ணன் பேர் வழிவிட்டான். எங்கள் அய்யனார் பேர். வேன் அவனுடையது, கை என்னுடையது. அவன் ஓட்டுவான், நான் பார்த்துக்கொள்வேன். முதுகுளத்தூர் ரோட்டில் அந்த வேனைத் தெரியாத ஆள் கிடையாது. பிரசவத்துக்கு ஏறுகிறவள், பரீட்சைக்கு ஏறுகிற பிள்ளை, சந்தைக்கு ஏறுகிற கோழி, எல்லாம் அதில்தான். எனக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவன். திட்டவே மாட்டான், சிஸ்டர். நான் ஒரு தரம் பிரேக் ஆயில் டப்பாவை முழுசாகக் கவிழ்த்துவிட்டேன். "தரைக்கும் தாகமா இருந்திருக்கும் விடு" என்றான். அவ்வளவுதான்.

மாசிக் களரி வந்தது. குலசாமி கோயிலுக்குப் பங்காளிகள் எல்லாம் கிளம்புகிற நாள். எங்கள் வகையறாவுக்கே அந்த ஒரு வேன்தான். முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் கீழ் ஹோஸ் வெடித்திருந்தது. ரேடியேட்டருக்கு அடியில் போகுமே, அந்த ஹோஸ். பரமக்குடிக்கு ஆளை விட்டுப் புதுசு வாங்கி நான்தான் மாட்டினேன். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரை எந்தச் சித்தப்பா மைக்செட்டுக்காக எடுத்துக்கொண்டு போனாரோ, காணோம். கிளிப்பைக் கையாலேயே முறுக்கி வைத்தேன், காலையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம் என்று. காலையில் நான் பல் விளக்குவதற்குள் கிடாயை ஏற்றிவிட்டார்கள், பொங்கல் பானையை ஏற்றிவிட்டார்கள், கிழவிகள் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி ஒரு அவசரம் அன்றைக்கு. அதற்காகச் சொல்றேன்.

சாயல்குடி போகிற ரோட்டில் நல்ல வெயில். கருவேல மரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. முள் விறுவிறு என்று ஏறினதை நான்தான் முதலில் பார்த்தேன். "அண்ணே" என்றேன். அவனும் பார்த்தான். ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் ஒரு அலறு அலறி அப்படியே இறுகிவிட்டது. நான் அந்த மாதிரிச் சத்தம் கேட்டதில்லை. இப்போதும் சில நேரம் கேட்குது.

பின்னால் சைக்கிளில் வந்த ஒரு ஆள், ரோட்டில் ரொம்ப தூரத்துக்குக் கோடு போட்ட மாதிரி ஈரம் வந்திருக்கே என்றார். நான் சொன்னேன், கிடாய் இருக்குல்ல, மூத்திரம் போயிருக்கும் என்று.

அண்ணன் இறங்கினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். சூடு தகிக்குது, அதோடு படுத்தான். நானும் வர்றேன் என்று குனிந்தேன். "நீ அங்கிட்டு இரு, நெருப்பா இருக்கு" என்றான். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கேட்டான். எவன் வேட்டி மடியிலிருந்தோ வாங்கிக் கொடுத்தேன். உள்ளே கொஞ்ச நேரம் என்னவோ திருகிக்கொண்டு இருந்தான். அப்புறம் வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் வந்து, அந்த வால்வைக் கழட்டினான். கருகிப்போய் இறுகிக் கிடந்தது. அதைக் கையில் வைத்து எனக்குக் காட்டினான். "இதுதான்டா தம்பி. இது திறக்கல. யாரு என்ன பண்ண முடியும்" என்றான். பங்காளிகள் எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான். சத்தமாகப் பேசுகிறவனே இல்லை அவன். அப்புறம் அதைக் கருவேலங்காட்டுக்குள் தூக்கி எறிந்துவிட்டான்.

அந்த எஞ்சினைத் திரும்ப எழுப்ப முடியலை. வேன் போச்சு. கொஞ்ச நாளில் அண்ணனும் மலேசியாவுக்குப் போய்விட்டான். அங்கே கிடங்கில் மூட்டை தூக்குகிறான், இந்த வயசிலும். வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்ததாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலை. ஒரு சின்ன இரும்புத் துண்டு, சிஸ்டர். அதனால் ஒரு மனுஷன் வாழ்க்கையே கடலைத் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன், என் கை படுகிற எந்த வண்டியிலும் அது இருக்கக் கூடாது என்று. இன்னொருத்தன் அப்படி நடுரோட்டில் நிற்கக் கூடாது. நான் திமிரில் கழட்டலை. பெள்ளனுக்கு அது புரியாது.

போன மாசம்கூட அண்ணன் போனில் பேசினான். வேலையெல்லாம் எப்படிடா போகுது என்றான். வண்டி குறைந்துபோச்சு என்று நான் சொல்லலை. நல்லாப் போகுது, இன்றைக்கு வரைக்கும் ஒரு வண்டியிலும் அந்த வால்வை விட்டு வைக்கலை, உனக்காகத்தான் அண்ணே என்று சொன்னேன். "அண்ணே, அண்ணே" என்கிறேன், மூச்சு மட்டும் கேட்குது. மலையில் சிக்னல் அப்படித்தான்.

என்ன சிஸ்டர்?

கீழே என்ன திருகினான் என்கிறீங்களா?

தெரியலையே. நான் கேட்கலை. அங்கே திருகுவதற்கு என்ன இருக்கு? வால்வு இருக்கிறது மேலே, முன்பக்கம். அடியில் அந்தக் கீழ் ஹோஸ்தான் வரும், அதனுடைய கிளிப். அதை நான் முந்தின நாள்தான்...

இல்லை. அவன் வால்வைக் காட்டினான், சிஸ்டர். கையில் வைத்துக் காட்டினான். கருகியிருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். தண்ணி இல்லாமல் கொதித்தாலும் கருகும் என்று ஜோகி சொல்வான், சொல்லட்டும். ஜோகியா அங்கே இருந்தான்? எங்கள் அண்ணன் இருந்தான். அவனே சொன்னான், இதுதான் என்று. அவன் பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கான், ஊர்க்காரர்களிடம் சொல்லியிருக்கான், எனக்காகவே எத்தனையோ பொய் சொல்லியிருக்கான். என்னிடம் சொன்னதில்லை.

அப்படிப் பார்க்காதீங்க. உங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறீங்க. எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன். வேலை இல்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து அலுப்பு, அவ்வளவுதான். என் சம்சாரம் தெய்வானைகூடச் சொல்வாள், ராத்திரியெல்லாம் தூக்கத்தில் எதையோ முறுக்குகிற மாதிரி கையை ஆட்டுகிறீங்க என்று. மெக்கானிக் கை, தூங்கும்போதும் சும்மா இருக்காது.

எழுந்துவிட்டீங்களா. டீ அப்படியே இருக்கு, ஆடை கட்டிவிட்டது. ஜோகியிடம்தான் போறீங்க என்று எனக்குத் தெரியும். தப்பாக நினைக்க மாட்டேன், சிஸ்டர். பிள்ளை காரியம். இந்நேரத்துக்கு அவன் ஷெட்டில்தான் இருப்பான். இடத்துக்காரர் நாளைக்கு வந்தால் ஷெட் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அவரும் எத்தனை நாள் பொறுப்பார், கேரட் சீசன் வந்துவிட்டது.

பார்த்துப் போங்க, வாசலில் ஆயில் கொட்டியிருக்கு. சால்வையைத் தலைக்குப் போட்டுக்கங்க, பனி இறங்குது. ஜீப் இந்தப் பக்கம் நிற்குது சிஸ்டர், நீங்கள் பஸ் ஸ்டாப் பக்கம் போறீங்க. சிஸ்டர். இந்த வால்வு இங்கே பெஞ்சு மேலேயே இருக்கு. பக்கத்தில் ஜீப் சாவியும் இருக்கு. மறந்துவிட்டுப் போறீங்க, சிஸ்டர்.